குழந்தைகள் பாதுகாப்புக் களப்பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். முதலில் களப்பணியாளராகச் சேர்ந்தேன், இப்போது பாதுகாப்பு அலுவலர். சமூகப்பணி படிக்கிற மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், பயந்துபோன பெற்றோர்கள், தூக்கம் கெட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நிகழ்வுகளில் வரும் குழந்தைகளின் வயது, ஊர், உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நீங்கள் போலீஸா?

இல்லை. யாரையும் கைது செய்யும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. குற்றத்தை விசாரிப்பது போலீஸின் வேலை. குழந்தையின் நிலைமையை விசாரிப்பது எங்கள் வேலை. இன்றைக்கு ராத்திரி இந்தக் குழந்தை எங்கே படுக்கும், அங்கே பாதுகாப்பா, யார் சோறு போடுவார்கள், பள்ளிக்கூடம் போகிறதா, நம்பிப் பேச ஒரு ஆளாவது இருக்கிறாரா என்றெல்லாம் பார்த்து அறிக்கை எழுதிக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுப்போம். அந்தக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு. முடிவெடுப்பது அவர்கள்தான். ஆனால் அவர்கள் பார்க்காத வீட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். எங்கள் அறிக்கையில் ஒரு வரி பிசகினால் உத்தரவும் பிசகும்.

ஊருக்குள் அரசு ஜீப்பில் போய் இறங்கினால் பத்து நிமிடத்தில் தெருவே கூடிவிடும். அதனால் நான் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்துதான் போவேன்.

தகவல் எப்படி வருகிறது? சொன்னவர் பெயர் வெளியே போகுமா?

பெரும்பாலும் குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசி எண் 1098 வழியாக. 1996-இல் மும்பையில் தொடங்கிய இந்த எண்ணை, 2023 முதல் அரசே மாவட்ட நிர்வாகங்கள் வழியாக நடத்துகிறது. 24 மணி நேரமும் இலவசம். அது போக தலைமையாசிரியர்கள், அங்கன்வாடி டீச்சர்கள், அரசு மருத்துவமனை, கிராம நிர்வாக அலுவலர் எல்லோரும் அழைப்பார்கள். சில சமயம் குழந்தையே அழைக்கும். பேசாமல் மூச்சு மட்டும் கேட்கும் அழைப்புகளும் வரும். அவற்றை உடனே வைத்துவிடக் கூடாது என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். இரண்டாவது, மூன்றாவது முறைதான் குரல் வரும்.

தகவல் சொன்னவரின் பெயரை நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. “யாரு சொன்னாங்க, அந்த எதிர்வீட்டுக்காரியா?” என்பதுதான் எந்த வீட்டிலும் எங்களைப் பார்த்து முதலில் கேட்கப்படும் கேள்வி. பதில் சொல்லாமல் நின்று பழகிக்கொள்ள வேண்டும்.

முதல் முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது என்ன பார்ப்பீர்கள்?

போன உடனே எதையும் கேட்க மாட்டேன். தண்ணீர் கேட்பேன். தண்ணீர் கொண்டுவர யார் எழுந்து போகிறார்கள், யார் யாருடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்பதில் அந்த வீடு பாதி தெரிந்துவிடும். அடுப்பில் சாம்பல் சூடாக இருக்கிறதா, புத்தகப்பை ஆணியில் தூசியோடு தொங்குகிறதா, ரேஷன் கார்டில் எத்தனை பேர், வீட்டில் எத்தனை பேர், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, கழிவறைக்குப் போக ராத்திரியில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பார்ப்பேன். எந்த அறிக்கையிலும் நான் விடாமல் எழுதுவது, யார் எங்கே படுக்கிறார்கள் என்பதை. பாய் எங்கே விரிக்கிறார்கள், குழந்தைக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று ஒரு சின்னப் படமே வரைந்துவிடுவேன்.

உடம்பில் இருக்கும் காயத்தைப் பார்ப்பது தனிப் படிப்பு. ஓடியாடுகிற பிள்ளைக்கு முழங்கால், கணுக்கால், நெற்றி எல்லாம் சிராய்ப்பு இருப்பது சகஜம். காது, கன்னம், வயிறு, முதுகு, தொடையின் உள்பக்கம் என்றால் யோசிக்க வேண்டும். இன்னும் தவழவே ஆரம்பிக்காத கைக்குழந்தைக்குக் கன்றிப்போன தடம் இருந்தால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நிறத்தைப் பார்த்து “இது மூணு நாள் முன்னாடி பட்டது” என்று சொல்லும் வித்தை யாருக்கும் கிடையாது, சொல்லவும் கூடாது. நம் குழந்தைகள் நிறையப் பேருக்கு இடுப்புக்குக் கீழே பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும். அதை அடித்த தடம் என்று எழுதி ஒரு தாயை மூன்று நாள் அலைய விட்ட அறிக்கையை நான் படித்திருக்கிறேன். மஞ்சள் காமாலைக்கும் வலிப்புக்கும் சூடு போடுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. குழந்தைக்கு வலி வலிதான், ஆனால் குணமாகட்டும் என்று சூடு போட்ட பாட்டியிடமும், கோபத்தில் கரண்டியைக் காய்ச்சிய ஆளிடமும் ஒரே மாதிரி பேச முடியாது.

குழந்தையிடம் எப்படிப் பேச வேண்டும்?

குறைவாக.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒன்பது வயதுப் பெண் குழந்தை, கையில் தடிப்பு. அது பேசவில்லை. எனக்கு அவசரம். “அப்பா அடிச்சாராம்மா?” என்று கேட்டேன். தலையை ஆட்டியது. “பெல்ட்டாலயா?” அதற்கும் ஆட்டியது. அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் குழந்தையிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “பெல்ட்டுன்னு நீ சொன்னியா, மேடம் சொன்னாங்களா?” குழந்தை என்னைப் பார்த்துவிட்டு, “மேடம்” என்றது. அது உண்மையைத்தான் சொன்னது. அடித்தது சித்தப்பா என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. பெரியவர்கள் கேட்டால் ஆமாம் போட வேண்டும் என்று வளர்க்கப்பட்ட குழந்தையிடம் நான் பதிலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து பதில் ஒளிந்திருக்கிற கேள்வியை நான் கேட்பதில்லை. “என்ன ஆச்சுன்னு சொல்றியா?” “அப்புறம்?” “அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லு.” இந்த மூன்றும் போதும். “ஏன்” என்ற சொல் வேண்டவே வேண்டாம். “ஏன் அங்க போன?” என்றால் குழந்தையின் காதில் “உன் தப்புதான்” என்று விழும். பேச ஆரம்பிக்கும் முன்பே, “எனக்கு எதுவும் தெரியாது, நான் தப்பாச் சொன்னா நீ திருத்தணும்” என்று சொல்லி, வேண்டுமென்றே அதன் வகுப்பைத் தப்பாகச் சொல்வேன். “நாலாவது இல்ல, அஞ்சாவது” என்று திருத்தினால், அந்தப் பிள்ளை என்னைத் திருத்தத் தயார் என்று அர்த்தம்.

எதிரே உட்கார மாட்டேன், பக்கத்தில் உட்காருவேன். கண்ணைப் பார்த்துப் பேசு என்று சொல்லவும் மாட்டேன். குழந்தைகள் மண்ணைக் கீறிக்கொண்டோ சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டோதான் பெரிய விஷயங்களைச் சொல்கின்றன. ஆரம்ப காலத்தில் எனக்குத் தாங்கவே முடியாமல் இருந்தது நடுவில் விழும் அமைதிதான். இப்போது காத்திருக்கிறேன். ஒரு தடவை ஒரு பையன் கோவில் திண்ணையில் முக்கால் மணி நேரம் வேப்பங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்துவிட்டு, நான் கிளம்ப எழுந்தபோது வாயைத் திறந்தான்.

குழந்தைகள் பொய் சொல்லாதா? அப்புறம் மாற்றிச் சொன்னால்?

சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். பிரிந்து வாழும் பெற்றோருக்கு நடுவே மாட்டிக்கொண்ட குழந்தைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்த பேச்சில் பெரியவர்களின் வார்த்தை இருக்கும், எத்தனை முறை கேட்டாலும் ஒரே வரிசையில் வரும், நடுவில் நிறுத்தினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். நிஜமாக நடந்ததில் தேவையில்லாத விவரமெல்லாம் வரும். டிவியில் என்ன ஓடியது, அன்றைக்கு என்ன குழம்பு என்று. இதுவும் கல்லில் எழுதிய விதி கிடையாது, ஒரு குறிப்பு மட்டும்தான்.

மாற்றிச் சொல்வது வேறு. முதல் நாள் எல்லாவற்றையும் சொன்ன பெண் நான்காம் நாள் “ஒண்ணும் நடக்கல” என்பாள். நடுவே மூன்று ராத்திரி போயிருக்கும். அம்மா அழுதிருப்பாள், பாட்டி “உங்கப்பன் ஜெயிலுக்குப் போனா சோத்துக்கு என்ன வழி?” என்று கேட்டிருப்பாள். மாற்றிச் சொன்னதாலேயே முதலில் சொன்னது பொய் என்று நான் எழுதுவதில்லை. அந்த மூன்று ராத்திரி வீட்டில் யார் யார் வந்துபோனார்கள் என்று விசாரித்து, அதையும் எழுதுகிறேன்.

குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய்விடுவீர்களா?

இந்தப் பயம்தான் எல்லா வீட்டிலும். கடைசி வழியாகத்தான் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிற கோட்பாடு. உடனடி ஆபத்து இருந்தால் குழந்தையை அங்கிருந்து அழைத்து வருவோம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்திவிட வேண்டும். நாங்களே முடிவு செய்து எங்கேயும் வைத்துக்கொள்ள முடியாது.

வறுமையை யாரும் கொடுமை என்று எழுதிவிடக் கூடாது. காலையில் சமைக்க எதுவும் இல்லாத வீடு வேறு, இருந்தும் ஒரு குழந்தைக்கு மட்டும் போடாத வீடு வேறு. முதல் வீட்டுக்குப் பணம்தான் தேவை. மிஷன் வாத்சல்யா என்கிற அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வாங்கிக் கொடுத்தால், கணவனை இழந்த ஒரு தாய் பிள்ளையைத் தன்னோடே வைத்துக்கொள்ள முடிகிறது. இதற்கான விண்ணப்பங்களை நிரப்புவதில் என் வாரத்தில் ஒரு நாள் போகிறது. அதை எழுத்து வேலை என்று யாராவது குறைத்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எனக்கு இத்தனை வருடமாக ஆறாத ஒன்று உண்டு. வீட்டிலிருப்பவரே தப்பு செய்தார் என்று ஒரு குழந்தை வாயைத் திறக்கிறது. உடனே எல்லோரும் என்ன செய்கிறார்கள்? குழந்தையை ஒரு இல்லத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதன் பள்ளி போச்சு, தோழி போச்சு, தம்பி போனான், வளர்த்த ஆட்டுக்குட்டி போச்சு. தப்பு செய்தவர் ஜாமீனில் வந்து அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சொன்னதற்குத் தண்டனை தனக்குத்தான் என்று அந்தக் குழந்தை புரிந்துகொள்கிறது, அதைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் நாலு குழந்தைகள் வாயை மூடிக்கொள்கின்றன. அதனால் என் முதல் கேள்வி எப்போதும், அந்த ஆளை வெளியே வைக்க முடியுமா என்பதுதான். அம்மா பக்கம் நிற்பாளா, தாய்மாமன் வீடு எவ்வளவு தூரம், பாட்டிக்கு அந்த ஆளை வாசலிலேயே நிறுத்தும் தைரியம் இருக்கிறதா என்று ஒவ்வொரு உறவாகத் தட்டிப் பார்ப்பேன். பாட்டி வீட்டிலிருந்து அதே பள்ளிக்கு பஸ் இருந்தால் அந்த பஸ் எண்ணையும் அறிக்கையில் எழுதிவிடுவேன். இல்லம்தான் வழி என்கிற நிலை வருவதும் உண்டு. அப்போதும் எத்தனை நாளுக்கு, திரும்பி வர என்ன நடக்க வேண்டும் என்று குழந்தைக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.

போக்சோ வழக்கு என்றால் குழந்தை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிற இந்தச் சட்டப்படி, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல் வர வேண்டும். ராத்திரியில் எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், கூடவே பெற்றோரோ குழந்தை நம்புகிற ஒருவரோ இருக்க வேண்டும்.

24 மணி நேரத்துக்குள் போலீஸ் இதைக் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருந்தால், குழந்தை அங்கே தொடரலாமா என்பதைக் குழு 3 நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும். வழக்கு முடியும் வரை கூடவே வர ஒரு ஆதரவு நபரைக் குழு நியமிக்கலாம். இதைப் பெற்றோர் கேட்டு வாங்குங்கள். முடிந்தவரை ஒரு வருடத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், என் கையில் இருந்த வழக்குகளில் அதைத் தாண்டியவையே அதிகம். அதற்குள் குழந்தை வளர்ந்துவிடுகிறது, மறக்கவும் ஆசைப்படுகிறது. அது மறுபடி நீதிமன்றத்தில் நிற்கப்போகிற நாளுக்கு முந்தைய வாரம் நான் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

பதினாறு, பதினேழு வயதுக் காதலும் போக்சோவில் வருமா?

வரும். 18 வயதுக்குக் கீழே சம்மதம் செல்லாது. 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு வழக்கை ரத்து செய்து, வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சொன்னது. ஆனால் சட்டத்தில் வயது மாறவில்லை. ஓடிப்போன பெண்ணைத் திரும்ப அழைத்து வருகிற ராத்திரிதான் எனக்குக் கவலை. சாதி மாறிய காதல் என்றால் அவள் உயிருக்கே ஆபத்து இருக்கலாம். அவளிடம் தனியாக, அப்பா அண்ணன் யாரும் இல்லாமல், “வீட்டுக்குப் போகப் பயமா இருக்கா?” என்று கேட்டு, அவள் பதிலை அப்படியே குழுவின் முன் வைக்க வேண்டும்.

குழந்தைத் திருமணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால்?

முகூர்த்தத்துக்கு முன்னாடி சொல்லுங்கள், அதுதான் முக்கியம். 1098-க்கோ மாவட்ட சமூக நல அலுவலருக்கோ சொல்லலாம். நீதித்துறை நடுவர் தடை உத்தரவு போட்டபிறகு நடத்தப்படும் திருமணம் செல்லவே செல்லாது. முடிந்துபோன திருமணத்தையும் அந்தப் பெண் 20 வயதுக்குள் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். “எழுதி வாங்கிட்டு விட்டுட்டாங்க” என்பதோடு நிற்காமல், அடுத்த மூன்று மாதமும் அந்தப் பெண் பள்ளியில் இருக்கிறாளா என்று நான் போய்ப் பார்ப்பேன். வேறு ஊர்க் கோவிலில் ரகசியமாகத் தாலி கட்டிவிடுவது வழக்கம்.

வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தையை மீட்ட பிறகு என்ன ஆகும்?

டெல்டாப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள், அதாவது உரத்துக்காக ஆடுகளை ராத்திரி அங்கே அடைத்துவைப்பார்கள். சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காகக் கிடைக்காரரிடம் விடப்பட்ட ஒரு பையனை மீட்டோம். வயது கேட்டால் தெரியவில்லை. ஆடு எத்தனை என்றால் “நூத்தி அறுவத்தி மூணு, ரெண்டு சினை” என்று சட்டென்று சொன்னான். காலில் செருப்பு இல்லை, குதிகால் வெடிப்பில் மண் அடைத்திருந்தது. வண்டியில் ஏற்றியதும் அவன் கேட்ட ஒரே கேள்வி, “இன்னிக்கு ராத்திரி ஆட்ட யாரு பாத்துக்குவா?” நாங்கள் அவனுக்கு விடுதலை கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவனோ பொறுப்பை விட்டு ஓடிப்போகிறோமே என்று அழுதான்.

மீட்பு ஒரு மணி நேர வேலை, அதற்குப் பிறகு இருப்பது ஒரு வருட வேலை. கோட்டாட்சியர் விசாரித்து, கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976-இன்படி விடுதலைச் சான்று கொடுக்க வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் முன்பணக் கடன் ரத்து, அரசு உதவி எல்லாம். அப்புறம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பது, பெற்றோர் திரும்ப அடகு வைக்காமல் இருக்க அவர்களுக்கு ஒரு வருமான வழி. அந்தப் பையன் முதல் மாதம் வகுப்பில் உட்காரவே இல்லை. ஜன்னல் பக்கத்தில் இடம் கொடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டேன். வெளியே மேய்கிற ஆடுகள் தெரிகிற இடம் அது. அதன் பிறகு உட்கார்ந்தான்.

சமூக விசாரணை அறிக்கையில் அனுபவம் எங்கே தெரியும்?

குழந்தையின் குடும்பத்தையும் சூழலையும் விசாரித்துக் குழுவுக்கு நாங்கள் எழுதும் இந்த அறிக்கைக்குப் படிவம் 22 என்று ஒன்று இருக்கிறது. 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். புதியவர்கள் “தாய் ஒத்துழைப்பு இல்லை”, “குழந்தை பிடிவாத குணம்” என்று நிரப்பிவிடுவார்கள். அந்த வரி பல வருடம் அந்தக் குழந்தையின் கோப்பில் கூடவே வரும். “தாய் மூன்று முறை அழைத்தும் வரவில்லை, காலை 6 முதல் மாலை 4 வரை நூறு நாள் வேலையும் களையெடுப்பும்” என்று எழுதினால் அதே தாய் வேறு மனுஷியாகத் தெரிகிறாள். பார்த்தது தனியாக, கேட்டது தனியாக, நான் நினைப்பது தனியாக. குழந்தை “மாமா உச்சா போற எடத்துல கை வெச்சார்” என்றால் அப்படியேதான் எழுத வேண்டும். அதைப் “பாலியல் சீண்டல்” என்று நாகரிகமாக மாற்றினால் குழந்தையின் குரல் போய்விடும், வழக்கும் பலவீனமாகும்.

ஊர்ப் பெரியவர்கள், கட்சிக்காரர்கள் அழுத்தம் கொடுக்க மாட்டார்களா?

கொடுப்பார்கள். “பொண்ணு வாழ்க்கை போயிடும், பேசி முடிச்சுக்கலாம்” என்பார்கள். மிரட்டலைவிட இந்தக் கனிவுதான் ஆபத்து. வரும் அழைப்பு ஒவ்வொன்றையும் நேரம் போட்டுக் கோப்பில் எழுதிவிடுவேன். எழுதுகிறேன் என்று தெரிந்தால் பாதிப் பேர் அழைப்பதில்லை.

மனசு தாங்குமா?

சில நாள் தாங்காது. வீட்டுக்குப் போனதும் என் பிள்ளையை யார் தூக்கினாலும் சந்தேகமாகப் பார்த்த ஒரு காலம் இருந்தது. மனநல ஆலோசகரிடம் போனேன், வெட்கப்படவில்லை. எதையும் உணராமல் அறிக்கை எழுதுகிற நாள் வந்தால் அதுதான் லீவு போட வேண்டிய நாள்.

தகுதி, சம்பளம்?

சமூகப்பணி, உளவியல், சமூகவியல், சட்டம் மாதிரிப் படிப்பு உதவும். மாவட்ட இணையதளத்திலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வரும். பெரும்பாலான பணியிடங்கள் ஒப்பந்தம், தொகுப்பூதியம்தான். செய்கிற வேலைக்கு இது போதாது. அனுபவம் வந்த நேரத்தில் ஆட்கள் விட்டுப் போய்விடுகிறார்கள், ஒரு குழந்தை மூன்று வருடத்தில் நான்கு அலுவலர்களிடம் தன் கதையைச் சொல்ல நேர்கிறது.

ஒரு குழந்தை என்னிடமே வந்து சொன்னால் நான் என்ன செய்ய வேண்டும்?

செய்கிற வேலையை விட்டுவிட்டு உட்காருங்கள். அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். “சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல” என்று மட்டும் சொல்லுங்கள். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. பாலியல் குற்றம் என்று தெரிந்தும் புகார் தராமல் இருப்பது போக்சோ சட்டத்தில் தண்டனைக்குரியது. துருவித் துருவி விவரம் கேட்காதீர்கள். சம்பந்தப்பட்ட ஆளைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். 1098-க்குச் சொல்லுங்கள். குழந்தை அன்றைக்கு வீட்டுக்குப் போகலாமா என்று அங்கேயே கேளுங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளில் தேதி, நேரம், இடம் போட்டு, நீங்கள் என்ன கேட்டீர்கள், குழந்தை என்ன சொன்னது என்று அதன் வார்த்தையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். நாங்கள் வந்ததும் அதை எங்கள் கையில் கொடுங்கள். குழந்தையிடம் மறுபடியும் முதலிலிருந்து கேட்காமல், அது விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறோம்.